ஒரே தேவை, பல பாகங்கள்: பகிரப்படுவது எது?

இன்றைய கார் ஒன்றுக்குள் பல பத்துக் கணினிகள் இருக்கின்றன. பிரேக்குக்கு ஒன்று, ஸ்டீயரிங்குக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று என அவை பிரிந்து கிடந்தாலும், அவற்றுக்காக எழுதப்படும் தேவைகளில் கணிசமானவை ஒரே வார்ப்பில் இருப்பவை. மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் பாகம் பாதுகாப்பான நிலைக்குப் போக வேண்டும். பழுது ஏற்பட்டால் அதன் குறியெண்ணை நினைவகத்தில் பதிய வேண்டும். இத்தனை மில்லி விநாடிக்குள் வலைப்பின்னலில் பதில் சொல்ல வேண்டும். இவற்றை ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியே எழுதுவதா, ஓரிடத்தில் எழுதிவைத்து எல்லாப் பாகங்களும் அதையே எடுத்தாள விடுவதா? டோர்ஸ், போலேரியன், ஜாமா கனெக்ட், கோட்பீமர் போன்ற தேவை மேலாண்மை மென்பொருள்களில் வேலை செய்பவர்கள் திட்டம் தொடங்கும்போதே இந்தக் கேள்வியைச் சந்திக்கிறார்கள். பெரும்பாலும் அது எந்தப் பொத்தானை அழுத்துவது, எந்த இணைப்பைப் போடுவது என்ற அளவிலேயே பேசி முடிக்கப்படுகிறது. அதற்கு மேலே ஒரு கேள்வி இருக்கிறது: ஒரு தேவையைப் பகிரும்போது உண்மையில் எதைப் பகிர்கிறோம்? வாசகத்தை மட்டும் பகிர்ந்து, அது எந்தச் சூழலை நம்பி எழுதப்பட்டது என்பதை விட்டுவிட்டால், பகிர்வே பிழையைப் பரப்பும் வழியாகிவிடும் என்பது என் முடிவு. பகிரப்படும் தேவை தன் அனுமானங்களையும் சுமந்து வர வேண்டும். அதைப் பெறும் பாகம் ஒவ்வொன்றும் அவற்றைத் தன் சூழலில் சோதித்து ஏற்றதற்குப் பதிவு இருக்க வேண்டும்.

மறுபயன்பாட்டின் மீதான ஆசை பழையது. 1968-இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ ஆதரவில் நடந்த மென்பொருள் பொறியியல் மாநாட்டில் டக்ளஸ் மெக்கில்ராய், மற்ற தொழில்களுக்கு ஆயத்த உதிரிப்பாகங்கள் கிடைப்பதுபோல மென்பொருளுக்கும் கிடைக்க வேண்டும் என்று வாதிட்டார். 1976-இல் டேவிட் பார்னாஸ், ஒத்த நிரல்களை ஒரு குடும்பமாகக் கருதி, அவற்றின் பொதுத்தன்மையை முதலில் ஆராய்ந்த பிறகே வேறுபாடுகளுக்கு வர வேண்டும் என்றார். 1990-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனத்திலிருந்து கியோ காங் குழுவினர் வெளியிட்ட அம்சப் பகுப்பாய்வு முறை, எல்லாப் பொருள்களுக்கும் பொதுவானது எது, விருப்பத்துக்கு விடப்படுவது எது, ஒன்று இருந்தால் இன்னொன்று இருக்கக் கூடாதது எது என்பதை மர வடிவில் வரைந்து காட்டியது. இந்த வழியில்தான் கவனம் நிரலிலிருந்து மேலேறித் தேவைகளுக்கு வந்தது. அதற்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. ஒரு தேவை மறுபடி பயன்படும்போது அதோடு வடிவமைப்பும், சோதனைகளும், சரிபார்ப்புச் சான்றுகளும் சேர்ந்தே வருகின்றன. விமானம், மருத்துவக் கருவி, கார் போன்ற துறைகளில் நிரல் எழுதுவதைவிட அது சரி என்று நிறுவுவதற்கே உழைப்பு அதிகம் போகிறது. எனவே தேவையைப் பகிர்கிறவர்கள் மிச்சப்படுத்துவது தட்டச்சு நேரத்தை மட்டுமல்ல.

மென்பொருள்கள் இதற்குத் தரும் வழிகள் பெயரில் வேறுபட்டாலும் அடிப்படையில் மூன்றே. முதலாவது நகல்: வாசகம் புதிய பாகத்துக்குப் போகிறது, மூலத்தோடு உறவு அறுந்துவிடுகிறது. இரண்டாவது உறவு அறாத நகல்: இரண்டு பிரதிகள் இருக்கும், ஒன்று மாறினால் மற்றது பின்தங்கிவிட்டது என்று கருவி காட்டும், ஒத்திசைக்கலாம். மூன்றாவது சுட்டு: தேவை ஒன்றே, பல ஆவணங்கள் அதைச் சுட்டி நிற்கும். டோர்ஸ் நெக்ஸ்டில் ஒரே தேவை ஒரு காம்போனன்டுக்குள் பல மாட்யூல்களில், அதாவது ஆவணங்களில், இடம்பெறலாம் என்பது இந்த வகை. இவற்றின் மேல் பேஸ்லைன், ஸ்ட்ரீம் என்ற ஏற்பாடுகள் வருகின்றன. பேஸ்லைன் என்பது ஒரு தேதியில் உறைந்து நிற்கும் பதிப்பு. ஸ்ட்ரீம் என்பது தொடர்ந்து திருத்தப்பட்டுவரும் கிளை. சுட்டு ஸ்ட்ரீமைப் பார்க்கிறதா, பேஸ்லைனைப் பார்க்கிறதா என்பது சின்ன அமைப்புத் தெரிவாகத் தோன்றும். மூலத்தில் யாரோ செய்யும் திருத்தம் எனக்குத் தெரியாமலே என் பாகத்தின் கடமையை மாற்றுமா, மாற்றாதா என்பதை அந்தத் தெரிவுதான் முடிவு செய்கிறது.

நகலெடுப்பதன் கேடு விரிவாகப் பேசப்பட்டதுதான். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், தொழில்துறையில் பயன்பட்ட 28 தேவை ஆவணங்களை, மொத்தம் 8,667 பக்கங்களை, கணினியால் அலசிப் பிரதிப் பகுதிகளைத் தேடினார்கள். சில ஆவணங்களில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஒன்றில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி வேறெங்கோ இருப்பதன் பிரதி. இப்படிப்பட்ட ஆவணத்தில் ஒரு திருத்தம் வந்தால், அதே வாசகம் இன்னும் எங்கெங்கே இருக்கிறது என்பது ஒருவருக்கும் தெரியாது. ஐந்தில் நான்கு பிரதிகள் திருத்தப்படும், ஐந்தாவது பழைய எண்ணோடு தங்கிவிடும். சோதனைக் குழு ஒன்றைப் பார்த்துச் சோதிக்கும், நிரல் எழுதுபவர் மற்றதைப் பார்த்து எழுதுவார். பொறியாளர்கள் அறியாமையால் நகலெடுக்கிறார்கள் என்று சொல்வதும் சரியல்ல. நகல் உடனே கிடைக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். நாளை மூலத்தை யார் என்ன செய்தாலும் என் பாகம் அசையாது. அந்தச் சுதந்திரம் உண்மையான நன்மை. சுட்டு முறையை வற்புறுத்துகிறவர்கள் அந்த நன்மைக்கு ஈடாக எதையாவது தந்தாக வேண்டும்.

நகலின் கேட்டைக் கண்டவர்கள் இயல்பாக எதிர்முனைக்குப் போகிறார்கள்: எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுது, எல்லாரும் அதையே சுட்டட்டும். இந்த விடையின் குறையைப் புரிந்துகொள்ள ஏரியன் 5 ஏவுகலத்தின் முதல் பயணத்தைவிடச் சிறந்த சான்று இல்லை. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து புறப்பட்ட அந்த ஏவுகலம், ஏறத்தாழ 37 விநாடிகளில் வழிகாட்டித் தகவலை இழந்து, பாதை பிறழ்ந்து, சுமார் 4 கிலோமீட்டர் உயரத்தில் சிதறியது. அதிலிருந்த நான்கு கிளஸ்டர் அறிவியல் செயற்கைக்கோள்களும் அழிந்தன. கணிதவியலாளர் ஜாக் லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு அதே ஆண்டு ஜூலை 19 தேதியிட்ட அறிக்கையில் காரணத்தைத் தெளிவாக எழுதியது. ஏரியன் 4-இல் வெற்றிகரமாக ஓடிய நிலைம வழிகாட்டிக் கருவியின் மென்பொருள் ஏறக்குறைய அப்படியே ஏரியன் 5-க்கு வந்திருந்தது. கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு மதிப்பை 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணிலிருந்து 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில் மதிப்பு 32,767-ஐத் தாண்டியது, மாற்றம் தோற்றது, கருவி தன்னை நிறுத்திக்கொண்டது. மாற்றுக் கருவியில் ஓடியதும் அதே மென்பொருள் என்பதால் அது ஒரு கணம் முன்னதாகவே நின்றுவிட்டிருந்தது.

இதை நிரல் பிழையாக மட்டும் சொல்லிப் போவது வழக்கம். அறிக்கையை நிதானமாகப் படித்தால் தெரிவது தேவைகளின் கதை. தோற்றுப்போன கணக்கு, கருவியைப் புறப்பாட்டுக்கு முன் திசைக்கு ஒழுங்குபடுத்தும் பணியின் பகுதி. ஏவுகலம் தரையை விட்டபின் அந்தப் பணிக்கு வேலையே இல்லை. ஆனாலும் அது புறப்பாட்டுக்குப் பின் ஏறத்தாழ 40 விநாடி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது ஏரியன் 4-இன் தேவை. புறப்பாட்டுக்கு முந்தைய 9ஆவது விநாடி முதல் 5ஆவது விநாடி வரையிலான இடைவெளியில் இறங்குமுக எண்ணிக்கை நிறுத்தப்பட்டால், கருவியை மறுபடி முதலிலிருந்து ஒழுங்குபடுத்த 45 நிமிடம் அல்லது அதற்கு மேலும் ஆகும். அந்தத் தாமதத்தைத் தவிர்ப்பதற்காக எழுதப்பட்டது அது. 1989-இல் ஒருமுறை பயன்பட்டும் இருக்கிறது. ஏரியன் 5-இன் புறப்பாட்டு வரிசை வேறு. அங்கே அந்தத் தேவைக்கு இடமில்லை. பொதுமை கருதி அது வைத்துக்கொள்ளப்பட்டது என்கிறது அறிக்கை. அதாவது வாசகம் பகிரப்பட்டது, அதை எழுதவைத்த காரணம் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. அடுத்தது, எண் வரம்பு. ஆபத்துக்குரியவையாகக் கண்டறியப்பட்ட ஏழு மாறிகளில் நான்குக்குத்தான் காப்புப் போடப்பட்டது. கணினியின் பணிச்சுமை 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற இலக்கு ஒரு காரணம். மற்ற மூன்றும் இயற்பியல் வரம்புக்குள்ளேயே இருக்கும் அல்லது போதிய இடைவெளி இருக்கிறது என்று கருதப்பட்டது. ஏரியன் 4-இன் பாதையில் அது உண்மை. ஏரியன் 5-இல் கிடைமட்ட வேகம் ஐந்து மடங்கு விரைவாக ஏறியது. ஏரியன் 5-இன் பாதைத் தரவைக் கருவியின் தேவை ஆவணத்தில் சேர்க்க வேண்டாம் என்று சம்பந்தப்பட்ட தரப்புகள் சேர்ந்தே முடிவு செய்திருந்தன. மூன்றாவது, பழுது கண்டால் கருவி தன் செயலியை நிறுத்திவிட வேண்டும் என்ற தேவை. வன்பொருள் தற்செயலாகக் கெடும், அப்போது மாற்றுக் கருவி காப்பாற்றும் என்ற அனுமானத்தில் அது நியாயமானது. இரண்டிலும் ஒரே மென்பொருள் ஓடி, பிழை அந்த மென்பொருளிலேயே இருந்தால் அந்த அனுமானம் நிற்காது. மூன்று தேவைகளும் வாசகமாகப் பிழையற்றவை. மூன்றையும் விழவைத்தது அவை நம்பியிருந்த உலகம் மாறியதுதான்.

இந்த நிகழ்வுக்கு அடுத்த ஆண்டில், பமேலா ஸேவ், மைக்கேல் ஜாக்சன் இருவரும் எழுதிய கட்டுரை தேவைப் பொறியியலில் இன்றும் அடித்தளமாக நிற்கிறது. உலகத்தைப் பற்றிய அறிவும், கருவி என்ன செய்யும் என்ற விவரிப்பும் சேர்ந்துதான் தேவையை நிறைவேற்றுகின்றன என்பது அவர்கள் கூற்று. இதிலிருந்து வரும் விளைவு பகிர்வுக்கு நேரடியாகப் பொருந்தும். விவரிப்பை இன்னொரு பாகத்துக்குக் கொண்டுபோகிறோம். உலகம் கூடவே வருவதில்லை. பழைய இடத்தில் நிரூபிக்கப்பட்ட முடிவைப் புதிய இடத்தில் அப்படியே வைத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. அந்த உரிமையைப் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும்.

ஏரியன் ஒரு விதிவிலக்கு அல்ல. தெராக்-25 கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி 1985 ஜூனுக்கும் 1987 ஜனவரிக்கும் இடையில் ஆறு நோயாளிகளுக்கு மிகையான கதிர்வீச்சைக் கொடுத்தது. அதன் மென்பொருள் முந்தைய மாதிரிகளிலிருந்து எடுத்தாண்ட பகுதிகளைக் கொண்டது. தெராக்-20-லும் அதே வகைப் பிழை இருந்ததைப் பின்னர் கண்டார்கள். அங்கே தனித்து இயங்கிய வன்பொருள் தடுப்புகள் பிழையை விபத்தாக விடவில்லை. புதிய மாதிரியில் அந்தத் தடுப்புகள் நீக்கப்பட்டுப் பாதுகாப்புக் கடமை மென்பொருளுக்கு வந்தது. நான்சி லெவ்சன், கிளார்க் டர்னர் இருவரும் 1993-இல் எழுதிய ஆய்வு இதைப் படிப்படியாக விளக்குகிறது. இதெல்லாம் கருவிகள் வளராத காலத்துக் கதை என்று சொல்கிறவர்களுக்கு 737 மேக்ஸ் விமானம் விடை. எம்காஸ் என்ற பறத்தல் கட்டுப்பாட்டுச் செயல்பாடு முதலில் அதிவேகச் சூழலுக்காக வகுக்கப்பட்டது. பின்னர் குறைந்த வேகத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. ஒரு முறை இயங்கினால் வால்பகுதிக் கிடைச்சிறகை 0.6 பாகைவரை நகர்த்தும் என்றிருந்தது 2.5 பாகையாக உயர்ந்தது. தாக்குக் கோணத்தை அளக்கும் ஒற்றைச் சென்சாரை நம்பி அது இயங்கியது. 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் நடந்த இரு விபத்துகளில் 346 பேர் இறந்தார்கள். பெயர் மாறாமல் சூழலும் வீச்சும் மாறிய செயல்பாடு, தொடக்க மதிப்பீட்டின் நிழலிலேயே கடந்துபோனதன் விலை அது.

பாதுகாப்புத் தரநிலைகள் இந்தப் பாடத்தை ஓரளவு உள்வாங்கியிருக்கின்றன. 2011-இல் முதலில் வந்து 2018-இல் திருத்தப்பட்ட கார்த் துறையின் ஐஎஸ்ஓ 26262, எந்த வண்டிக்கென்று தெரியாமலே உருவாக்கப்படும் பாகத்துக்குத் தனி நடைமுறை வகுக்கிறது. பாகத்தைச் செய்கிறவர் தன் அனுமானங்களை எழுதித் தர வேண்டும். வண்டியில் பொருத்துகிறவர் அவை தம் வண்டியில் உண்மையா என்று சரிபார்க்க வேண்டும். உண்மை இல்லையென்றால் மாற்றம் செய்தாக வேண்டும். அமெரிக்க விமான நிர்வாக அமைப்பான எஃப்ஏஏ 2004-இல் வெளியிட்ட மறுபயன்பாட்டு மென்பொருள் பாகங்களுக்கான வழிகாட்டுதலும் இதே போக்கில், வரம்புகளையும் அனுமானங்களையும் எழுத்தில் கைமாற்றச் சொல்கிறது. குறை என்னவென்றால், நடைமுறையில் இவை பெரும்பாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் கைமாறும் தனி ஆவணங்களாக நின்றுவிடுகின்றன. ஒரே நிறுவனத்துக்குள், பக்கத்துக் குழுவிடமிருந்து தேவையை இழுத்துக்கொள்ளும்போது இந்தக் கண்டிப்பு மறைந்துவிடுகிறது. வெளியாரிடம் கேட்கும் கேள்விகளை உள்ளாரிடம் கேட்க நமக்குக் கூச்சம். ஏரியனில் நடந்ததும் ஒரே ஏவுகலக் குடும்பத்துக்குள் நிகழ்ந்த பகிர்வுதான்.

அப்படியானால் மென்பொருளை எப்படி அமைப்பது? மூலம் ஒன்றாக இருக்கட்டும்; நகல் வேண்டாம். சுட்டு, ஓடும் ஸ்ட்ரீமைப் பார்க்காமல் உறைந்த பேஸ்லைனைப் பார்க்கட்டும். மூலம் மாறினால் பெறும் பாகத்துக்குச் செய்தி போக வேண்டும், மாறிய வாசகம் தானாகப் போகக் கூடாது. நகலெடுப்பவர் தேடும் சுதந்திரத்துக்கு ஈடு இதுதான்: என் பாகம் நான் ஏற்கும்வரை அசையாது, ஆனால் மூலம் நகர்ந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். அனுமானங்களைத் தேவையின் கீழே குறிப்பாக எழுதிவைத்தால் யாரும் படிப்பதில்லை. அவற்றைத் தனி உருப்படிகளாக, தனி எண்ணோடு, தேவையோடு இணைத்து வைக்க வேண்டும். அப்போதுதான் ஓர் அனுமானம் பொய்க்கும்போது அதை நம்பி நிற்கும் தேவைகள் எவை, அவற்றை எடுத்தாளும் பாகங்கள் எவை என்று கருவியால் பட்டியலிட முடியும். கிடைமட்ட வேகம் இந்த வரம்புக்குள் இருக்கும் என்பது தனி உருப்படியாக இருந்திருந்தால், ஏரியன் 5-இன் பாதைத் தரவு அதன் முன் வைக்கப்பட்ட அன்றே கேள்வி எழுந்திருக்கும். எண்களையும் வாசகத்திலிருந்து பிரிக்க வேண்டும். "பாகம் குறித்த நேரத்துக்குள் பதில் தர வேண்டும்" என்பது பொது. அந்த நேரம் 10 மில்லி விநாடியா 100 மில்லி விநாடியா என்பது பாகத்தின் சொந்த விஷயம். கடைசியாக, ஏற்புப் பதிவு: யார், எந்தப் பதிப்பை, எந்த அனுமானங்களை எதை வைத்துச் சோதித்து ஏற்றார் என்பது சுட்டின் மேலேயே இருக்க வேண்டும்.

இதற்கு வரும் வலுவான மறுப்பு, அனுமானங்களுக்கு எல்லை ஏது என்பது. ஈர்ப்பு விசை இருக்கும், மின்சாரம் வரும் என்பதுவரை எழுதிக்கொண்டே போகலாமே. மறுப்பு நியாயமானது, எல்லாவற்றையும் எழுதுவது நடக்காத காரியம். ஆனால் மேலே சொன்ன விபத்துகளைத் திரும்பிப் பார்த்தால், தவறிப்போன அனுமானங்கள் விசித்திரமானவை அல்ல. ஒரு மதிப்பு எந்த வரம்புக்குள் இருக்கும், செயல்பாடு எந்தக் கட்டத்தில் எந்தச் சூழலில் இயங்கும், இது தவறினால் வேறு யார் காப்பாற்றுவார் என்று நம்புகிறோம் என்ற மூன்று கேள்விகளுக்குள் அவை அடங்கிவிடுகின்றன. நான்காவதாக, இது ஏன் இருக்கிறது என்று கேட்டிருந்தால் ஏரியனின் ஒழுங்குபடுத்தும் பணியே நீக்கப்பட்டிருக்கலாம். முழுமை இல்லை என்பதற்காக இந்த நான்கையும் கேட்காமல் விடுவதற்கு நியாயம் கிடையாது.

செலவைச் சொல்லும் மறுப்பும் உண்டு. நூற்றுக்கணக்கான பகிர்ந்த தேவைகள், பத்துப் பன்னிரண்டு பாகங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏற்பு என்றால் வேலை எப்போது நடக்கும்? அதைவிட மோசமாக, எச்சரிக்கைகள் குவிந்தால் படிக்காமலே ஏற்றுக்கொள்ளும் பழக்கம் வந்துவிடும் என்கிறார்கள். இந்த இரண்டாவது பகுதியை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். இணைப்பின் ஒருமுனை மாறினால் மறுமுனையைச் சந்தேகத்துக்குரியதாகக் குறிக்கும் வசதி பல மென்பொருள்களில் நெடுநாளாக இருக்கிறது. ஒரு காற்புள்ளி மாறினாலும் அதே சிவப்பு, வரம்பு எண் மாறினாலும் அதே சிவப்பு என்றால் அது பார்வைக்குப் பழகிப்போகும். எனவே மாற்றத்தைச் செய்கிறவரே அது சொல்திருத்தமா, பொருள்மாற்றமா, அனுமான மாற்றமா என்று வகைப்படுத்த வேண்டும்; முதல் வகைக்கு ஏற்பு கேட்கவே வேண்டாம். செய்திகள் அன்றாடம் சொட்டாமல் பேஸ்லைன்தோறும் ஒருமுறை வரட்டும். ஆபத்து மிகுந்த பாகங்களுக்குக் கடுமையும், உள்விளக்கு போன்றவற்றுக்குத் தளர்வும் இருக்கலாம். இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சும் செலவு, பகிர்வின் உண்மையான விலை. அதைக் கொடுக்க முடியாத குழு அந்தத் தேவையைப் பகிராமல் தானே எழுதிக்கொள்வது நல்லது.

எல்லாத் தேவைகளையும் ஒரே தராசில் வைக்கவும் கூடாது. வாகனங்களின் இணையப் பாதுகாப்புக்கான ஐ.நா. ஒழுங்குவிதி 155 போன்ற சட்டத் தேவைகளுக்கு மூலம் வெளியே இருக்கிறது. அதன் வாசகத்தைப் பாகக் குழு தன் வசதிக்கு மாற்ற முடியாது. அங்கே ஒற்றை மூலமும் உடனடிப் பரவலும் சரியே. இடைமுகத் தேவைகளும் அப்படித்தான்: இரு தரப்பும் ஒரே வாசகத்தைப் பார்த்தே தீர வேண்டும். ஆனால் ஒரே வாசகம் இருப்பதே போதும் என்று எண்ணிவிடக் கூடாது. 1999 செப்டம்பர் 23 அன்று தொலைந்த மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலத்தின் இடைமுக ஆவணம் மெட்ரிக் அலகையே கேட்டது. தரைநிலைய மென்பொருள் ஒன்று உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு விசை அலகில் தந்தது; எண்கள் 4.45 மடங்கு பிசகின. அங்கே குறை இருந்தது, தேவையை ஏற்ற தரப்பு அதற்கு இணங்கியதா என்று சோதிக்காததில்தான்.

ஒத்த வாசகங்களைத் தேடித் தந்து, "இதையே எடுத்தாளலாமே" என்று பரிந்துரைக்கும் வசதிகளும் இப்போது பெருகிவருகின்றன. நகல்களைக் கண்டுபிடிக்க அவை பெரிதும் உதவும். ஆனால் சொற்களின் ஒற்றுமையை அவை அளக்கின்றன. ஏரியன் 4-க்கும் ஏரியன் 5-க்கும் இடையில் பகிரப்பட்ட தேவைகளின் சொற்கள் ஒத்தே இருந்தன என்பதை மறக்கக் கூடாது. இத்தகைய பரிந்துரையை ஏற்கும் குழு, இரண்டு தேவைகளின் வாசகத்தை ஒப்பிடுவதற்கு முன் அவற்றின் அனுமானங்களை ஒப்பிட வேண்டும்.

தேவை மேலாண்மை மென்பொருளை அமைக்கும் பொறுப்பில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். "காரணம்" என்ற கட்டமும், அனுமான உருப்படிகளைச் சுட்டும் "அனுமானம்" என்ற இணைப்பும் உங்கள் கருவியில் ஏற்கெனவே இருக்கலாம், அல்லது ஒரு மணி நேரத்தில் சேர்த்துவிடலாம். அவை வெறுமையாக இருக்கும் தேவையை வேறு பாகம் எதுவும் எடுத்தாள முடியாதபடி தடை போடுங்கள்.